கூடிக் கற்போர் கூடிக் குணமாக்குவர்

(வில்பட்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழனி மலையின்மேல், சரிவுகளைப் படிப்படியாக வெட்டிச் சமன் செய்து, உருளைக்கிழங்கும் காரட்டும் பூண்டும் விளைவித்து வாழும் இந்தக் கிராமத்தில் நின்றுகொண்டு, வைத்தியக் கல்வி எவ்வாறு நடைபெற வேண்டும் என்று பேசுவது பொருத்தந்தானா என்ற ஐயம் உங்களில் சிலருக்கு எழக்கூடும். அத்தகைய விஷயங்களைச் சென்னையிலோ மதுரையிலோ உள்ள கல்லூரி மண்டபங்களில் பேசுவதல்லவா வழக்கம் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் நம் வைத்தியக் கல்வியில் உள்ள ஒரு பெருங்குறை, நகரத்தில் கண்ணுக்குப் படாமல் மறைந்து கிடப்பதும், மலைக்கிராமத்தில் பிரத்தியட்சமாகத் தெரிவதுமாக இருக்கிறது. நகரத்து நோயாளி டாக்டரிடமிருந்து பரிசோதனைக் கூடத்துக்கும், அங்கிருந்து மருந்துக் கடைக்கும், பிறகு இயன்முறைச் சிகிச்சைக்குமாகத் தானே அலைந்து, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் தானே எடுத்துச் சொல்லி, துண்டு துண்டாகக் கிடக்கும் சிகிச்சையைத் தன் அலைச்சலால் ஒட்டவைத்துக்கொள்கிறார். திண்டுக்கல்லுக்குப் போகவேண்டுமானால் ஒரு நாள் கூலியை இழந்து, மலைப்பாதையில் பல மணி நேரம் பஸ்ஸில் இறங்கிச் சென்று, இரவு திரும்ப வேண்டிய வில்பட்டி விவசாயிக்கு அந்த ஒட்டுவேலை சாத்தியமில்லை. ஆகையால், வைத்திய ஊழியர்கள் தங்களுக்குள் ஒட்டியிருக்க வேண்டும் என்ற தேவை இங்கேதான் மிகத் தெளிவாக விளங்குகிறது.

நான் இன்று சொல்ல விரும்புவது ஒன்றே. ஒரே நோயாளியின் உடம்பில் நாளை சேர்ந்து கை வைக்கப் போகிறவர்கள், இன்றே சேர்ந்து படிக்க வேண்டும். சேர்ந்து வேலை செய்யும் ஆற்றல் நல்ல மனம் இருந்தால் தானாக வந்துவிடும் என்று நாம் நம்பியிருக்கிறோம். அந்த நம்பிக்கை தவறு. நாடி பார்ப்பதும் ஊசி போடுவதும் எப்படிப் பயின்று பெற வேண்டிய வித்தைகளோ, அப்படியே ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு ஒரே முடிவுக்கு வருவதும் பயின்று பெற வேண்டிய வித்தையாகும்.

இது நமக்குப் புதிய சிந்தனையன்று. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில், கடைசிக் குறள், வைத்தியத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவர் என்று எண்ணும் அந்த வரிசையில் நோயாளியே முதலில் நிற்கிறார்; பணிவிடை செய்பவர் வைத்தியரோடு ஒரே பட்டியலில் இடம் பெறுகிறார். அந்த நான்கு கூறுகளுக்கும் தனித்தனிக் கட்டடமும், தனித்தனிப் பாடமும், தனித்தனிச் சபையும் ஏற்படுத்திய பெருமை பிற்காலத்தாராகிய நம்மையே சாரும். செவிலியருக்கு 1947ஆம் ஆண்டில் ஒரு சட்டம், மருந்தாளுநருக்கு 1948இல் ஒரு சட்டம், வைத்தியருக்கு 1956இல் ஒரு சட்டம், இயன்முறை மருத்துவர், ஆய்வக நுட்பநர், உணவியலார் முதலியோருக்கு 2021இல் ஒரு சட்டம் என்று நாம் இயற்றினோம். அந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றும் அந்தந்தத் தொழிலின் தரத்தைக் காக்க அவசியமாகவே இருந்தன. ஆயினும், நான்கு சுவர்களை எழுப்பியவர்கள் அவற்றினிடையே வாசல் வைக்க மறந்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வாசல் வைத்த சிலரும் நம் நாட்டில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், தம் முதுமைக் காலத்தை இந்த மலையிலேயே, கோடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில் கழித்து, 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கேயே உயிர் நீத்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். ஆண் வைத்தியரிடம் காட்ட மனமின்றிப் பிரசவ வேதனையில் மாண்ட பெண்களின் கதியைத் திண்டிவனத்தில் கண்டு, வைத்தியம் பயிலச் சங்கற்பம் செய்துகொண்ட அவர், 1900ஆம் ஆண்டில் டாக்டராகத் திரும்பி வந்து வேலூரில் பணி தொடங்கிய வரலாற்றைப் பலரும் அறிவார்கள். பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அவர் வேலூரில் செவிலியருக்கான பயிற்சியை 1909ஆம் ஆண்டில் தொடங்கினார். பெண்களுக்கான வைத்தியப் பள்ளியை 1918ஆம் ஆண்டில்தான் தொடங்கினார். டாக்டர்களை உருவாக்குவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே செவிலியர்களை உருவாக்கத் துணிந்த அந்த அம்மையார், வைத்தியர் ஒருவரால் மட்டும் வைத்தியம் நடவாது என்பதை அனுபவத்தில் உணர்ந்திருந்தார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருக்க, துணைக்கு ஆட்களையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அவர் வாரந்தோறும் நடத்திய சாலையோர வைத்தியம், பிற்காலத்தில் அவர் நிறுவிய ஸ்தாபனத்தின் கல்வி முறைக்கே வித்தாக அமைந்தது.

இன்றும் அந்த ஸ்தாபனமாகிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், வைத்தியம் பயிலும் மாணவர்களும், செவிலியர் கல்வி, இயன்முறைச் சிகிச்சை முதலியன பயிலும் மாணவர்களும் படிப்பின் தொடக்கத்திலேயே ஒன்றாக ஒரு கிராமத்தில் தங்கி, வீடு வீடாகச் சென்று, அங்குள்ள குடும்பங்களின் உணவையும் வருமானத்தையும் குடிநீரையும் நோயையும் விசாரித்து எழுதுகிறார்கள். அந்த நாட்களில் யாரும் டாக்டர் இல்லை, யாரும் நர்ஸ் இல்லை. எல்லோருக்கும் தெரிந்தது கொஞ்சம், தெரியாதது அதிகம். அகங்காரம் முளைவிடுவதற்கு முன்னால் நட்பு வேரூன்றிவிடுகிறது. பிறகு ஆண்டுகள் பல கழித்து, வார்டில் ஒருவரை ஒருவர் சந்திக்கும்போது, ஒரே கூரையின் கீழ்ப் படுத்துறங்கி, ஒரே பாத்திரத்துச் சோற்றை உண்டவர்களாகச் சந்திக்கிறார்கள்.

அதே வேலூரில் நடந்த இன்னொரு முயற்சியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கொல்லி மலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1940களின் பிற்பகுதியில், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த முற்பட்டார். செயலற்றுப்போன தசைக்குப் பதிலாக, முன்கையில் நன்றாக இயங்கும் ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களுக்கு மாற்றிப் பொருத்துவது அந்தச் சிகிச்சையின் சாரம். கத்தி தன் வேலையைச் செய்து முடித்தாலும் கை தானாக இயங்கிவிடாது. நேற்றுவரை வேறொரு வேலை செய்த தசை, இன்று விரலை மடக்க வேண்டும் என்பதை மூளைக்குக் கற்பிக்க வேண்டும்; அதை வாரக் கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து கற்பிப்பவர் இயன்முறைச் சிகிச்சையாளர். அறுவைக்கு முன்னரே விறைத்துப்போன மூட்டுக்களை எண்ணெய் தடவி நீவி இளக்கி வைப்பவரும் அவரே. கை சரியான பிறகும், உணர்ச்சியற்ற உள்ளங்கை, உளியையும் அரிவாளையும் அளவுக்கு மீறி இறுகப் பற்றிப் புண்ணாகிவிடும். ஆகவே கருவிகளின் கைப்பிடியை மாற்றி அமைக்கத் தச்சுவேலை தெரிந்தவர் தேவைப்பட்டார். பாதத்தில் புண் வராமல் காக்கச் செருப்புத் தைப்பவர் தேவைப்பட்டார்; எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு என்று இன்று நம் அரசாங்க வைத்தியசாலைகளில் வழங்கப்படும் மெத்தென்ற செருப்பு, இத்தகைய கூட்டு உழைப்பின் பலனாகவே பரவியது.

அங்கே நோயாளிகளும் ஆராய்ச்சியில் பங்குகொண்டார்கள். இரவில் நன்றாகப் படுத்துறங்கியவர்கள், காலையில் எழும்போது விரல் நுனி காணாமற்போயிருப்பது கண்டு திகைத்தார்கள். தொழுநோயில் சதை தானே அழுகி விழுகிறது என்ற பழைய அபிப்பிராயத்தை இது உறுதிப்படுத்துவதாகச் சிலர் எண்ணியிருப்பார்கள். நோயாளிகளே இரவு கண்விழித்துக் காவல் இருந்து பார்த்ததில், உணர்ச்சியற்ற விரல்களை எலிகள் வந்து கடிப்பது தெரிய வந்தது. அதன் பிறகு, சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் ஒரு பூனையையும் உடன் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத இந்த உண்மையைக் கண்டறிந்தவர்கள், பட்டம் எதுவும் பெறாத நோயாளிகள். வள்ளுவர் முதலில் நிறுத்திய அந்த முதற் கூறுக்கு வைத்தியக் குழுவில் ஆசனம் கொடுத்தால் எத்தகைய பிரயோஜனம் உண்டாகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

வேலூர் தூரத்தில் உள்ளது என்று நினைப்பவர்களுக்கு, நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, இந்த மலையின் அடிவாரத்துக்கு அப்பால் சின்னாளபட்டி அருகே இருக்கும் காந்திகிராமத்தை நினைவூட்டுகிறேன். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947ஆம் ஆண்டில் நிறுவிய அந்த ஆசிரமத்தில், வைத்தியமும் ஆதாரக் கல்வியும் கைத்தொழிலும் ஒரே ஊழியத்தின் அங்கங்களாகக் கருதப்பட்டன. 1959ஆம் ஆண்டில் ஆத்தூர் வட்டாரத்தில் அவர்கள் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டத்தில், டாக்டர்களோடும் செவிலியர்களோடும் சுகாதாரக் கல்வியாளர்களும் சமூகவியல் அறிந்தவர்களும் சேர்ந்து உழைத்தார்கள். ஒரு தாய் ஏன் ஆலோசனையை ஏற்கிறாள், ஏன் மறுக்கிறாள் என்பதை ஸ்டெதாஸ்கோப் சொல்லாது. அவளோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்தான் சொல்ல முடியும் என்பதை அந்தத் திட்டம் தன் வேலையின் அஸ்திவாரமாகவே கொண்டிருந்தது. அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்த நிலையமே, இன்றளவும் கிராம சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது.

இனி, இந்த ஊரையே எடுத்துக்கொண்டு, கூட்டுக் கல்வி இல்லாத இடத்தில் என்ன நேர்கிறது என்பதை ஆராய்வோம். பூண்டுத் தோட்டத்தில் வேலை செய்யும் நடுத்தர வயதுப் பெண் ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி. காலின் கட்டைவிரலடியில் ஆறாத புண். டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்து, மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும்படி சொல்கிறார். செவிலியர் புண்ணைக் கழுவிக் கட்டி, காலைத் தரையில் ஊன்றாதீர்கள் என்கிறார். உணவியலார் வேளாவேளைக்குச் சிறிது சிறிதாக உண்ணச் சொல்கிறார். மூவரும் சொன்னது சாஸ்திரப்படி சரி. ஆனால் அந்த அம்மாளின் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. அதை வாங்க முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு ஊசியையே நிறுத்திவிடுகிறார். திறந்த இன்சுலின் குப்பி, முப்பது டிகிரிக்கு உட்பட்ட வெப்பத்தில் நான்கு வாரம் வரையில் கெடாது, வில்பட்டியின் குளிரில் வீட்டின் நிழலான மூலையே அதற்குப் போதும் என்பது மருந்தாளுநருக்குத் தெரியும்; அவரை யாரும் கேட்கவில்லை. சரிவில் தலைச்சுமையோடு இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் பாதத்தின் முன்பகுதியில் விழுகிறது, அதனால்தான் கட்டு எத்தனை முறை போட்டாலும் புண் ஆறவில்லை என்பது இயன்முறை மருத்துவருக்குத் தெரியும்; அவர் அந்தத் தோட்டத்தைப் பார்த்ததில்லை. காலை வேலைக்குப் போனால் வெயில் ஏறிய பிறகுதான் கஞ்சி குடிப்பார், வெறும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வரப்பில் நின்றால் மயங்கி விழுவார் என்பது அடுத்த தெருவில் இருக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலருக்குத் தெரியும். ஆனால் அவர் பேச ஓர் இடம் இல்லை. விரலைக் காப்பாற்றத் தேவையான அறிவு முழுவதும் இருக்கிறது. அது ஆறு தலைகளில் பிரிந்து கிடக்கிறது. இறுதியில் விரல் போகிறது.

இங்கே யாரையும் குற்றவாளி என்று சொல்ல இயலாது. ஒவ்வொருவரும் தாம் கற்றபடியே நடந்தார்கள். மற்றவருக்கு என்ன தெரியும் என்பதை அறிந்துகொள்ள அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. தமக்குத் தெரிந்ததை மேலதிகாரியின் முன்னிலையில் தயங்காமல் சொல்லவும் யாரும் கற்பிக்கவில்லை. இவற்றுள் இரண்டாவது குறை மிகவும் கொடியது. பெரியவர் பேசும்போது சிறியவர் வாய் திறக்கலாகாது என்ற சம்பிரதாயம் வீட்டுக்கு அழகாக இருக்கலாம். அறுவைக்கூடத்துக்கு அது ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், புதுதில்லி உட்பட உலகின் எட்டு நகரங்களில் உள்ள எட்டு வைத்தியசாலைகளில் சோதித்துப் பார்க்கப்பட்டு, அதன் முடிவு 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அறுப்பதற்கு முன்பு குழுவிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும், நோயாளி யார், எந்த இடத்தில் என்ன சிகிச்சை என்பதை எல்லோரும் சேர்ந்து உறுதி செய்ய வேண்டும் என்பவை போன்ற சாதாரணமான விதிகளே அதில் உள்ளன. அவற்றைக் கடைப்பிடித்த பிறகு மரண விகிதம் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. வாய் திறக்க ஒவ்வொருவருக்கும் முறைப்படி ஒரு தருணம் அளித்ததும் அந்த விதிகளில் ஒன்று என்பதை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பயிற்சியைக் கல்லூரியிலேயே தொடங்கிய நாடுகளும் உண்டு. ஸ்வீடன் நாட்டில் லிங்ஷோப்பிங் சர்வகலாசாலை, 1986ஆம் ஆண்டிலேயே, வைத்தியம், செவிலியம், இயன்முறைச் சிகிச்சை ஆகியவற்றைப் பயில வந்த மாணவர்களை முதல் பத்து வாரங்கள் ஒரே வகுப்பில் கலந்து உட்கார வைத்தது. பத்தாண்டுகள் கழித்து, ஆசிரியர்களின் மேற்பார்வையில் பல பிரிவு மாணவர்களும் சேர்ந்து நடத்தும் வார்டு ஒன்றையும் அங்கே திறந்தார்கள். 2010ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், இத்தகைய கல்வியை நாடுகள் மேற்கொள்ள வழிகாட்டும் ஒரு செயல் திட்டத்தையே வெளியிட்டது.

நம் நாட்டில் இதைச் செய்யப் புதிய கட்டடமோ பெரும் பொருட்செலவோ தேவையா என்றால், தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த வைத்தியப் பாடத்திட்டம், மாணவர் அடைய வேண்டிய ஐந்து தகுதிகளுள் ஒன்றாக, வைத்தியக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் பணியாற்றும் திறமையை எழுதி வைத்திருக்கிறது. அதன் பிறகு, ஒவ்வொரு வைத்திய மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலத்தில் அவர்களின் ஆரோக்கியத்தைக் கவனிக்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. நம் மாவட்டத்துக்கும் ஓர் அரசாங்க வைத்தியக் கல்லூரி கிடைத்துவிட்டது. அந்த மாணவர் தத்தெடுக்கும் அதே குடும்பத்தை, ஒரு செவிலியர் மாணவிக்கும், ஒரு மருந்தியல் மாணவருக்கும், ஓர் இயன்முறை மாணவருக்கும் சேர்த்து ஒப்படைத்தால் என்ன? நால்வரும் ஒன்றாக அந்த வீட்டுக்குப் போகட்டும். ஒரே குறிப்பேட்டில் எழுதட்டும். ஒரு மாதம் வைத்திய மாணவர் தலைமை தாங்கினால், அடுத்த மாதம் செவிலியர் மாணவி தலைமை தாங்கட்டும். முடிவு செய்யும் நேரத்தில் அந்தக் குடும்பத்தாரும் உடன் உட்கார்ந்திருக்கட்டும். பேச்சு அவர்களுக்குப் புரியும் தமிழில் நடக்கட்டும்.

இதனுடன் இன்னும் இரண்டு ஏற்பாடுகள் அவசியம். பரீட்சையில் மதிப்பெண் இல்லாத பாடத்தை நம் மாணவர் படிப்பதில்லை. ஆகவே அந்த நால்வருக்கும் குழுவாக ஒரு தேர்வும் ஒரே மதிப்பெண்ணும் வேண்டும். தமிழ்நாட்டில் இது எளிது. ஏனெனில், வைத்தியம், செவிலியம், மருந்தியல், இயன்முறைச் சிகிச்சை, சித்த வைத்தியம் ஆகிய துறைகளின் பல கல்லூரிகளைத் தன் குடைக்கீழ் வைத்திருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் நம்மிடம் இருக்கிறது. இரண்டாவதாக, ஆசிரியர்கள் முன்மாதிரியாக நடக்க வேண்டும். செவிலியப் பேராசிரியை நின்றுகொண்டிருக்க வைத்தியப் பேராசிரியர் மட்டும் பேசும் வகுப்பில், கூட்டுறவைப் பற்றிய உபதேசம் எத்தனை உயர்ந்ததாக இருப்பினும், மாணவர் கற்பது கண்ணால் கண்டதையே.

எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தால் பொறுப்பு யாருடையது என்று அனுபவமுள்ள வைத்தியர்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. நோயை நிர்ணயித்துச் சிகிச்சையை வகுக்கும் சட்டப் பொறுப்பு வைத்தியரிடமே இருக்கும். அதை யாரும் பறிக்கவில்லை. ஆனால் தம் அறிவின் எல்லையை அறிந்து, அதற்கு அப்பால் உள்ளதை உரியவரிடம் கேட்டுத் தெரிந்த பிறகு செய்யும் முடிவு, கேளாமல் செய்யும் முடிவைவிடப் பொறுப்பு மிக்கதே ஆகும். பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்று வேறு சிலர் சொல்வார்கள். தனித்தனியே நான்கு தடவை நடக்கும் கிராமப் பயிற்சியை ஒன்றாக்கினால் சுமை கூடுவதற்கு இடமில்லை.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலரும் நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். அரசாங்கம் குழுவை அமைத்துவிட்டது. அந்தக் குழுவில் சேரப் போகிறவர்களைக் கல்லூரிகள் இன்னும் தனித்தனியாகவே வளர்க்கின்றன. இந்த முரண்பாடு நெடுநாள் நீடிக்கலாகாது.

ஆகவே, இங்கே வந்திருக்கும் கல்லூரி ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். அடுத்த கல்வியாண்டில் உங்கள் மாணவர்களைத் தனித்தனி வண்டிகளில் தனித்தனி ஊர்களுக்கு அனுப்பாமல், ஒரே வண்டியில் வில்பட்டிக்கு அனுப்புங்கள். கிராமத்துப் பெரியோர்களே, அவர்கள் தங்கப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தையும், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உங்கள் பொறுமையையும் கொடுங்கள். அவர்கள் சொல்வது உங்கள் வாழ்க்கைக்கு ஒத்துவராவிட்டால், அதை அந்த இடத்திலேயே தயங்காமல் சொல்லுங்கள். இளைஞர்களே, நீங்கள் உங்கள் துறையில் எத்தனை உயர்ந்த பட்டம் பெற்றாலும், பக்கத்தில் நிற்பவருக்கு என்ன தெரியும் என்று கேட்டு அறிந்த பிறகே நோயாளியின்மீது கை வையுங்கள்.